எஞ்சினா, பேட்டரியா? முதலில் வாசலைப் பாருங்கள்

கார் மாற்றும் பேச்சு எழுந்தாலே இப்போது நம் வீடுகளில் இரண்டு கட்சி உருவாகிவிடுகிறது. "இனிமேல் யாராவது பெட்ரோல் காடி வாங்குவாங்களாப்பா? பத்து வருஷத்துல அதை யாரும் சீண்டமாட்டாங்க" என்பது மகனின் கட்சி. "பேட்டரி போச்சுன்னா யாருடா மாத்துவா? நாற்பது வருஷமா எஞ்சின்தான் நம்மளக் கொண்டுபோய் விட்டிருக்கு" என்பது அப்பாவின் கட்சி. அம்மா கேட்பது ஒரே கேள்வி: "மாசம் எவ்வளவு கட்டணும்?"

அம்மாவின் கேள்விதான் சரியான இடத்தில் கை வைக்கிறது. நம்மில் பெரும்பாலோருக்குக் கார் என்பது ஒன்பது ஆண்டுக் கடன். இன்று கையெழுத்துப் போட்டால் 2030-களின் நடுப்பகுதி வரை தவணை ஓடும். அதற்குள் உலகம் மாறினாலும் நம் தவணை மாறாது. அதனால் 'மின்சாரக் கார் வெல்லுமா, எஞ்சின் வெல்லுமா' என்று பொதுவாகப் பேசுவதைவிட, 'என் வீட்டுக்கு எது ஒத்துவரும்' என்று கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது.

மாலை நேர வானொலி நிகழ்ச்சியில் சாலை நெரிசல் அறிவிப்பு வாசிப்பது என் வேலை. பெடரல் நெடுஞ்சாலையில் நின்றுகொண்டு அழைக்கும் நேயர்கள் இந்தத் தலைப்பு வந்தால் விடமாட்டார்கள். அவர்கள் கேட்கும் கேள்விகளை வைத்தே இதை எழுதுகிறேன்.

நூறாண்டுப் பழைய போட்டி

மின்சாரக் கார் புதிய கண்டுபிடிப்பு என்றுதான் பலர் நினைக்கிறோம். 1900-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் தயாரான கார்களில் நீராவிக் கார்களும் மின்சாரக் கார்களும்தான் அதிகம். பெட்ரோல் கார் மூன்றாம் இடத்தில் இருந்தது. மின்சாரக் காரில் சத்தம் இல்லை, புகை இல்லை. எஞ்சினைக் கையால் சுழற்றி உயிர்ப்பிக்கும் தொல்லையும் இல்லை.

அப்புறம் ஏன் தோற்றது? 1908-இல் ஃபோர்டு நிறுவனத்தின் 'மாடல் டி' வந்து காரின் விலையைச் சாமானியர் பக்கம் இறக்கியது. 1912-இல் கெடிலாக் காரில் மின்சார ஸ்டார்ட்டர் வந்ததும், கையால் சுழற்றும் வேலை ஒழிந்தது. எண்ணெயும் மலிவாகக் கிடைத்தது. ஊர்தோறும் எண்ணெய் நிலையம் முளைத்தது. மின்சாரத்தை ஊருக்கு வெளியே போய் நிரப்பிக்கொள்ள வழியில்லை.

ஆக, அன்று போட்டியைத் தீர்மானித்தவை விலையும், எரிபொருள் எங்கே கிடைக்கும் என்பதும். இன்றும் அதே இரண்டுதான்.

நாட்டு நிலவரம்

2024-இல் மலேசியாவில் விற்ற புதிய வாகனங்கள் 8 லட்சத்து 16 ஆயிரத்து 747. அதுவரை இல்லாத உச்சம் அது. அவற்றில் முழு மின்சாரக் கார்கள் நூற்றுக்கு மூன்றுகூட இல்லை. 2024 டிசம்பரில் புரோட்டோன் 'இ.மாஸ் 7' வந்தது. தொடக்க விலை 1 லட்சத்து 5 ஆயிரத்து 800 ரிங்கிட். 2025 அக்டோபர் இறுதியில் 60,000 ரிங்கிட்டை ஒட்டிய விலையில் 'இ.மாஸ் 5' வந்தது. அதே ஆண்டு டிசம்பரில் பெரோடுவாவும் 'கியூவி-இ' என்ற மின்சாரக் காரை இறக்கியது. நம் பெற்றோர் ஓட்டிய சாகாவையும் கஞ்சிலையும் செய்த இரு நிறுவனங்களும் களத்தில் இறங்கிய பிறகு, 'அது பணக்காரர் காடி' என்று தள்ளிவிட முடியாது.

அரசின் இலக்கு என்ன? புதிய வாகன விற்பனையில் மின்சார, ஹைபிரிட் வாகனங்களின் பங்கு 2030-இல் 20 விழுக்காடு, 2040-இல் 50 விழுக்காடு, 2050-இல் 80 விழுக்காடு. கவனித்துப் பாருங்கள்: ஹைபிரிட்டையும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு. ஹைபிரிட்டில் பெட்ரோல் எஞ்சின் இருக்கிறது. ஆக, அரசின் திட்டப்படியே 2050-இலும் இந்த நாட்டில் எஞ்சின் ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

இன்னொரு கணக்கும் உண்டு. நாட்டில் பதிவாகியுள்ள கார்கள் 15 மில்லியனுக்கும் மேல். ஆண்டுக்கு 8 லட்சம் என்ற வேகத்தில், நாளை முதல் விற்பதெல்லாம் மின்சாரக் கார் என்று வைத்துக்கொண்டாலும், எல்லாவற்றையும் மாற்ற ஏறக்குறைய இருபது ஆண்டுகள் பிடிக்கும். மின்சாரக் காருக்கு உலகுக்கே உதாரணமாகச் சொல்லப்படும் நாடு நார்வே. அங்கே 2024-இல் விற்ற புதிய கார்களில் நூற்றுக்கு 89 மின்சாரக் கார்கள். அப்படிப்பட்ட நாட்டிலேயே சாலையில் ஓடும் மின்சாரக் கார்களின் எண்ணிக்கை பெட்ரோல் கார்களை முந்தியது 2024 செப்டம்பரில்தான். டீசல் கார்களை அப்போதும் முந்தவில்லை.

விற்பனையில் மாற்றம் வேகமாக வரலாம். சாலையில் அது மெதுவாகத்தான் வரும்.

மாதக் கணக்கு

இப்போது அம்மாவின் கேள்விக்கு வருவோம். கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்கு வேலைக்குப் போய்வருபவர் மாதம் 1,500 கிலோமீட்டர் ஓட்டுவதாக வைத்துக்கொள்வோம்.

சாதாரண பெட்ரோல் கார் 100 கிலோமீட்டருக்கு 6.5 லிட்டர் குடிக்கும். 2025 செப்டம்பர் 30-இல் தொடங்கிய புடி95 திட்டத்தின் விலையான லிட்டருக்கு 1.99 ரிங்கிட் என்று பார்த்தால், 100 கிலோமீட்டருக்கு 13 ரிங்கிட். மாதம் 195 ரிங்கிட்.

ஹைபிரிட் கார் 4.5 லிட்டரில் அதே தூரம் போகும். 100 கிலோமீட்டருக்கு 9 ரிங்கிட். மாதம் 135 ரிங்கிட்.

மின்சாரக் கார் 100 கிலோமீட்டருக்குச் சுமார் 16 யூனிட் மின்சாரம் எடுக்கும். வீட்டில் சார்ஜ் செய்தால், கூடுதல் பயன்பாட்டுக்கு வரும் வரியெல்லாம் சேர்த்து யூனிட்டுக்கு 50 சென் என்று தாராளமாகவே வைப்போம். 100 கிலோமீட்டருக்கு 8 ரிங்கிட். மாதம் 120 ரிங்கிட்.

அதே மின்சாரக் காரைப் பேரங்காடியிலோ நெடுஞ்சாலையிலோ உள்ள அதிவேக சார்ஜரில் மட்டுமே நிரப்பினால்? அங்கே யூனிட்டுக்கு 1.50 ரிங்கிட் என்பது சாதாரணமாகக் காணும் விலை. 100 கிலோமீட்டருக்கு 24 ரிங்கிட். மாதம் 360 ரிங்கிட்.

அதாவது ஒரே காருக்கு, ஒரே தூரத்துக்கு ஒருவர் 120 ரிங்கிட் கட்டுகிறார், இன்னொருவர் 360 ரிங்கிட் கட்டுகிறார். முதலாமவர் பெட்ரோல் காரைவிட 75 ரிங்கிட் மிச்சம் பிடிக்கிறார். இரண்டாமவர் 165 ரிங்கிட் கூடுதலாகக் கொடுக்கிறார். இருவருக்கும் வேறுபாடு காரில் இல்லை. இரவில் காரை எங்கே நிறுத்துகிறார்கள் என்பதில்தான்.

கிள்ளான் வீடும் பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியும்

கிள்ளானில் ஒரு தாமானில் வரிசை வீடு. கேட்டைத் திறந்தால் கார் நிறுத்தும் இடம். சுவரில் வீட்டு மின்சாரம். 7 கிலோவாட் சார்ஜர் ஒன்றைப் பொருத்திவிட்டால், இரவு செருகிவிட்டுப் படுத்தால் காலையில் 50 யூனிட் ஏறியிருக்கும். ஒருநாள் போய்வர 75 கிலோமீட்டர் என்றால் தேவைப்படுவது 12 யூனிட்தான். இந்த வீட்டுக்காரருக்கு வாரத்தில் இரண்டு முறை செருகினாலே போதும். வீடு பழையது என்றால், பதிவுபெற்ற மின்பணியாளரை அழைத்து வயரிங்கைச் சோதித்த பிறகே செருகவேண்டும். அது ஒரு செலவு. தவிர்க்கக் கூடாத செலவு.

பிரிக்பீல்ட்ஸ் பக்கம் வாருங்கள். பத்தாவது மாடியில் வீடு, காருக்குக் கீழே ஒரு கட்டம். சில இடங்களில் அந்தக் கட்டமும் நிரந்தரம் இல்லை. முன்னால் வந்தவருக்கு முன்னால் இடம். நம் வீட்டு மீட்டரிலிருந்து அங்கே வயர் இழுக்க முடியாது. சார்ஜர் பொருத்த ஜேஎம்பி எனப்படும் கூட்டு நிர்வாகக் குழுவின் அனுமதி வேண்டும். மின்சாரச் செலவை யார் கட்டுவது, தீப்பிடித்தால் யார் பொறுப்பு, கட்டடத்தின் மின் இணைப்பு தாங்குமா என்று கூட்டம் கூட்டமாகப் பேச்சு நீளும். பிபிஆர் அடுக்குமாடிகளில் நிலைமை இன்னும் கடினம். இரண்டு வரிசையாக நிற்கும் கார்களுக்கு நடுவே சார்ஜரை எங்கே வைப்பது?

2025 முடிவுக்குள் நாடு முழுவதும் 10,000 பொது சார்ஜர்கள் என்று அரசு இலக்கு வைத்தது. அது எட்டப்படவில்லை. எட்டியிருந்தாலும் அடுக்குமாடிவாசியின் சிக்கல் முழுமையாகத் தீராது. அவருக்கு வேண்டியது நெடுஞ்சாலையில் அரை மணி நேரத்தில் நிரப்பும் விலையுயர்ந்த சார்ஜர் அல்ல. இரவெல்லாம் மெதுவாக, வீட்டு விலைக்கு அருகில் ஏறும் சாதாரண சார்ஜர்தான், அதுவும் அவர் நிறுத்தும் இடத்திலேயே.

இதைச் சொல்லாமல் 'மின்சாரக் கார் வாங்குங்கள், மிச்சம் பிடிக்கலாம்' என்று பொதுவாகச் சொல்வது, வாசல் உள்ளவருக்கு மட்டும் சொல்லும் அறிவுரை. முதல் வேலையில் சேர்ந்து, வாடகை அடுக்குமாடியில் இருக்கும் இளம் தம்பதிக்கு அது பொருந்தாது.

ஹைபிரிட்: நடுவில் நிற்பவர்

ஹைபிரிட் காரில் சிறிய பேட்டரியும் மோட்டாரும் எஞ்சினோடு சேர்ந்து வேலை செய்கின்றன. பிரேக் பிடிக்கும்போது வீணாகும் ஆற்றல் பேட்டரிக்குத் திரும்புகிறது. நின்று நின்று நகரும் நெரிசலில்தான் இதன் பலன் அதிகம்; பெடரல் நெடுஞ்சாலைக்காகவே செய்த மாதிரி இருக்கும். எங்கும் செருகத் தேவையில்லை. அடுக்குமாடிவாசிக்கு இன்றைய நிலையில் கணக்குச் சரியாக வருவது இதில்தான். செருகக்கூடிய 'பிளக்-இன்' ஹைபிரிட் வேறு ரகம். அதை வாங்கிவிட்டுச் செருகாமல் ஓட்டினால், கனமான பேட்டரியைச் சும்மா சுமந்து திரிவதுதான் மிச்சம்.

ஆனால் ஹைபிரிட்டில் நமக்கு ஒரு பழைய பாடம் இருக்கிறது. 2011 முதல் 2013 முடிய, 2,000 சிசிக்கு உட்பட்ட ஹைபிரிட் கார்களுக்கு இறக்குமதி வரியும் கலால் வரியும் முழுமையாக நீக்கப்பட்டன. ஹோண்டா இன்சைட்டும் டொயோட்டா பிரியசும் நம் சாலைகளில் பெருகியது அந்தக் காலத்தில்தான். சலுகை முடிந்ததும் இறக்குமதிக் கார்களின் விலை ஏறியது, வேகமும் அடங்கியது. பிறகு அந்தக் கார்களைக் கைமாற்றி வாங்கியவர்களுக்குப் பேட்டரி மாற்றும் கவலை வந்தது.

மின்சாரக் காருக்கும் இப்போது அதே கட்டம். முழுமையாக இறக்குமதியாகும் மின்சாரக் கார்களுக்கான வரிவிலக்கு 2025 டிசம்பர் 31-உடன் முடிந்தது. உள்நாட்டில் பொருத்தப்படும் கார்களுக்கு 2027 முடிவு வரை உண்டு. இலவசமாக இருந்த சாலை வரியும் 2026 ஜனவரி 1 முதல் மோட்டாரின் சக்திக்கு ஏற்பக் கட்டவேண்டியதாகிவிட்டது. சலுகையை நம்பி வாங்குபவர், சலுகை முடிந்த பிறகும் ஓட்டப்போகிறவர் என்பதை மறக்கக்கூடாது.

பேட்டரியும் வெள்ளமும்

அப்பா கட்சியின் அச்சங்களும் வெறும் பழமைவாதம் அல்ல. பேட்டரிதான் மின்சாரக் காரில் விலை அதிகமான ஒற்றைப் பாகம். எட்டு ஆண்டு உத்தரவாதம் பரவலாகக் கிடைக்கிறது. நம் கடனோ ஒன்பது ஆண்டு. கடைசித் தவணை ஓடும்போது உத்தரவாதம் முடிந்திருக்கும். பெரோடுவா இதற்கு வேறு வழி கண்டது. காரை 80,000 ரிங்கிட்டுக்கு விற்று, பேட்டரியை மாதம் 275 ரிங்கிட் வாடகைக்கு ஒன்பது ஆண்டுக்குத் தருகிறது. பேட்டரி பயம் குறைகிறது. ஆனால் 275 ரிங்கிட்டை 108 மாதத்தால் பெருக்கினால் 29,700 ரிங்கிட். மேலே போட்ட கணக்கில் வீட்டில் சார்ஜ் செய்து மாதம் மிச்சம் பிடித்தது 75 ரிங்கிட் என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். விளம்பரத்தில் 80,000 என்று பார்ப்பவர் இந்த இரண்டாவது எண்ணையும் கூட்டிக்கொள்ளவேண்டும்.

அடுத்தது வெள்ளம். 2021 டிசம்பரில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் கார்கள் கூரைவரை மூழ்கியதை நாம் மறக்கவில்லை. மின்சாரக் காரின் பேட்டரி நீர் புகாத உறைக்குள்தான் வருகிறது. சாலையில் தேங்கிய நீரைக் கடப்பதற்கும் மழையில் சார்ஜ் செய்வதற்கும் பயப்படத் தேவையில்லை. மூழ்கிப்போனால் கதை வேறு. நீர் வடிந்த பிறகு காரை இயக்கவோ செருகவோ கூடாது; நிறுவனத்தின் ஆள் பார்த்துச் சொல்லவேண்டும். பெட்ரோல் காரும் மூழ்கிய பிறகு எஞ்சினை இயக்கினால் கெட்டுப்போகும். எந்தக் கார் ஆனாலும், கிள்ளான் ஆற்றோரம் இருப்பவர்கள் காப்புறுதியில் வெள்ளப் பாதுகாப்பைத் தனியாகச் சேர்த்திருக்கிறார்களா என்று இன்றே பாருங்கள்.

புகை எங்கே போகிறது?

சுற்றுச்சூழல் விஷயத்தில் மகன் கட்சிக்கும் ஒரு கேள்வி. கிள்ளானில் சார்ஜ் செய்யும் மின்சாரம் எங்கிருந்து வருகிறது? பக்கத்திலேயே காப்பாரில் 2,420 மெகாவாட் மின்நிலையம் இருக்கிறது. நிலக்கரியை எரித்து மின்சாரம் எடுக்கும் பெரிய நிலையங்களில் அதுவும் ஒன்று. நாட்டின் மின்சாரத்தில் பெரும்பகுதி இன்றும் நிலக்கரியிலும் எரிவாயுவிலும்தான் பிறக்கிறது. ஆக, புகை முழுவதும் ஒழியவில்லை. ஒரு பகுதி காப்பாருக்கு இடம் மாறுகிறது. காப்பாரிலும் நம் மக்கள்தான் வசிக்கிறார்கள்.

ஆனாலும் மின்சாரக் கார் பக்கம் இரண்டு நியாயங்கள் உண்டு. பெட்ரோல் எஞ்சின் எரிக்கும் ஆற்றலில் பெரும்பகுதி சூடாகவே வீணாகிறது. மின்மோட்டாரில் அந்த வீண் மிகக் குறைவு. இரண்டாவது, மின்நிலையத்தை மாற்றினால் அதில் சார்ஜ் ஆகும் எல்லாக் கார்களும் ஒரே நாளில் சுத்தமாகின்றன. கூரையில் சூரியத் தகடு வைத்த வீட்டில் பகலில் சார்ஜ் செய்யும் கார் இப்போதே சுத்தம்தான். பெட்ரோல் கார் வாங்கிய நாளில் எப்படிப் புகைத்ததோ, கடைசி நாள்வரை அதைவிடக் குறையப்போவதில்லை.

நம் பட்டறைகள்

இந்த விவாதத்தில் அதிகம் பேசப்படாதவர்கள் பட்டறைக்காரர்கள். கிள்ளானிலும் காப்பார் சாலையிலும் அப்பா தொடங்கி மகன் நடத்தும் நம்மவர் பட்டறைகள் எத்தனையோ. எஞ்சின் எண்ணெய் மாற்றுவது, பெல்ட், பிளக் மாற்றுவது போன்ற வேலைகள்தான் அவர்களின் மாத வருமானம். மின்சாரக் காரில் இவை இல்லை. டயர், சஸ்பென்ஷன், ஏர்கோன், பிரேக் வேலைகள் இருக்கும். நாம் முன்பு பார்த்த 15 மில்லியன் கணக்குப்படி, எஞ்சின் வேலை நாளைக்கே நின்றுவிடாது. பத்துப் பதினைந்து ஆண்டு அவகாசம் இருக்கிறது. ஹைபிரிட்டிலும் மின்சாரக் காரிலும் இருப்பது உயர் அழுத்த மின்சாரம். தெரியாமல் கை வைத்தால் உயிருக்கே ஆபத்து. தொழிற்கல்விக் கழகத்தில் வாகனத்துறை படிக்கும் பிள்ளைகள் இந்தப் பயிற்சியைக் கேட்டு வாங்கவேண்டும். அப்பாவின் பட்டறை பிழைப்பது மகன் கற்றுக்கொள்வதில் இருக்கிறது.

அப்படியானால் எதை வாங்குவது?

சொந்த வாசலும் மீட்டரும் உள்ளவர், தினமும் தூரம் ஓட்டுபவர், வீட்டில் ஏற்கெனவே இன்னொரு பெட்ரோல் கார் இருப்பவர் மின்சாரக் காரைத் தயங்காமல் பார்க்கலாம். தீபாவளிக்குச் சுங்கை பட்டாணி போகவேண்டும் என்றால் பழைய கார் இருக்கிறது. அல்லது வழியில் ஒருமுறை நிறுத்தி நிரப்பிக்கொள்ளலாம்.

அடுக்குமாடியில் இருப்பவர், கட்டடத்தில் சார்ஜர் வரும்வரை, ஹைபிரிட்டைப் பார்க்கலாம். மாதம் 500 கிலோமீட்டர்கூட ஓட்டாதவருக்கு இருக்கும் பெட்ரோல் காரையே நன்றாகப் பராமரிப்பது மலிவு. கோமுட்டரில் கிள்ளானிலிருந்து கேஎல் சென்ட்ரலுக்குப் போக முடிந்தவருக்கு, இரண்டாவது கார் வேண்டுமா என்பதே முதல் கேள்வி.

மலிவான பெட்ரோல் நிரந்தரம் என்று யாரும் கணக்குப் போடவேண்டாம். 2024 ஜூன் 10-ஆம் தேதி, தீபகற்ப மலேசியாவில் டீசல் விலை ஒரே இரவில் 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35 ரிங்கிட்டுக்குப் போனது. பெட்ரோல் உதவித்தொகையும் இப்போது அடையாள அட்டையோடு கட்டப்பட்டு, மாத அளவும் வைக்கப்பட்ட ஒன்றாகிவிட்டது. ஒன்பது ஆண்டுக் கடனில் இது எங்கே போய் நிற்கும் என்று எண்ணிப் பார்ப்பது நல்லது.

அடுக்குமாடிவாசிகளுக்கு இன்னும் ஒரு வேலை இருக்கிறது. ஜேஎம்பி ஆண்டுக் கூட்ட அறிவிப்பு வரும்போது நம்மில் பலர் அதை அப்படியே மடித்து வைத்துவிடுகிறோம். இந்த ஆண்டு போங்கள். 'நம் கட்டடத்தின் மின் இணைப்பு எத்தனை சார்ஜரைத் தாங்கும்?' என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். இன்று கேட்டால் இரண்டு மூன்று ஆண்டில் பதில் வரும். அடுத்த கார் வாங்கும் நாளில் அந்தப் பதில் உங்கள் கையில் இருக்கவேண்டும்.